பயன்படுத்திய எந்திர எண்ணெய்ப் பகுப்பாய்வு

பயன்படுத்திய எந்திர எண்ணெய்ப் பகுப்பாய்வு என்பது, எந்திரத்தில் ஓடிய எண்ணெயின் மாதிரியை ஆய்ந்து, எண்ணெயின் தரத்தையும் எந்திரத்தின் தேய்மானத்தையும் அறியும் முறை ஆகும். எண்ணெய் மாற்றும் கால இடைவெளியை நீட்டிக்கலாமா என முடிவு செய்ய இது உதவுகிறது.

அளவீடுகள்

- இரும்பு: உருளை உறை, வளையங்கள் முதலியவற்றின் தேய்மானம்
- ஈயம், செம்பு: தாங்கிகளின் தேய்மானம்
- சிலிக்கான்: பெரும்பாலும் காற்றுடன் புகுந்த தூசி
- சோடியம்: குளிர்விப்பு நீர்க் கசிவுக்கான அறிகுறி
- பாகுநிலை: டீசல் கலந்தால் குறையும், புகைக்கரி சேர்ந்தால் கூடும்
- கார எண்: அமிலத்தை நடுநிலையாக்க எஞ்சியுள்ள திறன்

இடைவெளியை நீட்டித்தல்

இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டார நூற்பாலைகளில் மின்தடையின்போது இயங்கும் டீசல் மின்னாக்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 250 மணி நேர ஓட்டத்தில் இரும்பு பத்து இலட்சத்தில் 20 பங்கும், அடுத்த முறை 400 மணி நேரத்தில் 32 பங்கும் இருப்பின், இரண்டிலும் தேய்மான வீதம் 100 மணிக்கு 8 பங்கே. எண் கூடினும் தேய்மானம் விரைவுபடவில்லை. மாறாக 60 பங்கு இருப்பின் வீதம் 15 ஆகும். அப்போது நீட்டிப்பது தாங்கிகளுக்கும் உருளைகளுக்கும் கேடு விளைவிக்கலாம். இடையில் ஊற்றிய புதிய எண்ணெய் அளவுகளைக் குறைத்துக் காட்டும் என்பதால் அதனையும் குறித்துவைத்தல் வேண்டும்.

கார எண் புதிய எண்ணெயினதில் பாதியாகக் குறைந்தால், உலோக அளவு குறைவாயினும் எண்ணெயை மாற்றுவது பொதுவான நடைமுறை. எனவே ஒரே ஓர் ஆய்வறிக்கையைக் கொண்டு இடைவெளியை நீட்டித்தல் கூடாது. தொடர் ஆய்வுகளின் போக்கே முடிவுக்கு அடிப்படையாகும்.