கட்டிடக் கல்வியில் முகாமைத்துவம்: சப்பிரகமுவத் தோட்டங்கள் தரும் பாடம்

கட்டிடத்தை வரைந்து கணிப்பது ஓர் அறிவு. கட்டிட வேலையை நடத்தி முடிப்பது மற்றோர் அறிவு. முன்னது பொருளின் வலிமையையும் மண்ணின் தன்மையையும் பற்றியது. பின்னது காலம், செலவு, பொருள், ஆள் என்னும் நான்கினையும் இயைத்துச் செல்வது. இலங்கையின் உயர்கல்வியில் முன்னது முந்தியும் பின்னது மிகப் பிந்தியுமே இடம்பெற்றன.

1893இல் கொழும்பில் தொழில்நுட்பப் பாடசாலை தோன்றியது. 1950இல் அந்நகரில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் 1964இல் பேராதனைக்குப் பெயர்ந்தது. 1972இல் பல்கலைக்கழக வளாகமாகிய கட்டுபெத்தை, 1978இல் மொரட்டுவைப் பல்கலைக்கழகமாயிற்று. கட்டிடச் செலவைக் கணித்துக் கட்டுப்படுத்தும் கணிய அளவையியல் அங்கு 1980களிலேயே பட்டப்படிப்பாயிற்று. நிர்மாணத் திட்ட முகாமைத்துவம் பட்டப் பின்படிப்பாக அமைந்தது.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலோ கட்டிடவேலை நெடுங்காலம் துரைமாரின் நிருவாகத்துள் அடங்கியிருந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகளைக் கொண்ட லயங்கள் எழுந்தன. குறைந்த செலவில் நிறைந்த ஆட்களைக் குடியமர்த்துவதே அவற்றின் நோக்கம். அதுவும் ஒருவகை முகாமைத்துவமே. ஆயின் குடியிருப்போன் அதன் கணக்கில் ஆளாக அன்றி, எண்ணாகவே இடம்பெற்றான்.

1975இல் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. அதன்பின் கூட்டுறவுச் சங்கங்களின் வழியே கடன் பெற்றுத் தொழிலாளரே தம் வீட்டைக் கட்டும் முறை பரவியது. அன்றே முகாமைத்துவத்தின் தேவை வெளிப்படையாயிற்று. தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் இறங்கும். அதற்குள் அத்திவாரம் முடியாவிடின் வெட்டிய குழியில் நீர் நிற்கும். லொறி ஏறாத சரிவில் மணலும் கல்லும் தலைச்சுமையாகவே செல்லவேண்டும். வீட்டு வேலைக்கு நின்ற நாளுக்குத் தோட்டத்துச் சம்பளம் இல்லை. இவற்றைக் கணியாத வேலைத்திட்டம் வெறும் தாளாகவே எஞ்சும்.

இடத்தைத் தெரிவதும் முகாமைத்துவத்தின் பாற்பட்டதே. 2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்துப் புளத்கொஹுபிட்டிய, களுபான தோட்டத்தில் மண் சரிந்து லயங்களை மூடியது, உயிர்கள் பலியாயின. சரிவின் இயல்பை ஆராயும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 1984 முதல் இந்நாட்டில் உண்டு. ஆகவே அறிவு இல்லாமற் போகவில்லை. அவ்வறிவை உரிய காலத்தில் உரிய வீட்டு வாசலுக்குக் கொண்டு சேர்க்கும் ஒழுங்கே போதாதிருந்தது.

எனவே கட்டிட முகாமைத்துவம் நகரத்து மாடிக்கட்டிடங்களை மட்டும் உதாரணமாகக் கொண்டு கற்பிக்கப்படுதல் போதாது. தோட்டத்துச் சரிவில் நின்று, அங்கு வாழ்வோரின் மொழியில் அவரோடு பேசி, வேலைத்திட்டம் வகுக்கப் பழகிய பட்டதாரியே அக்கல்வியை முழுமையாகப் பெற்றவனாவான்.