மைக்கும் தாளுக்கும் மட்டும் கழிவு

1969 டிசம்பர் 30ஆம் தேதி அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சன் ஒரு வரிச் சீர்திருத்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதற்கு முன்பு அந்த நாட்டில் ஓர் எழுத்தாளர் தன் கையெழுத்துப் பிரதிகளையும் கடிதங்களையும் நூலகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தால், சந்தையில் அவை என்ன விலைக்குப் போகுமோ அந்தத் தொகையை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். புதுச் சட்டப்படி, எழுதியவரே கொடுத்தால் அவர் செலவழித்த பொருளின் விலையை மட்டும்தான் கழிக்க முடியும். அதாவது மைக்கும் தாளுக்கும் கொடுத்த காசு.

உத்தியோகக் காலம் முழுவதும் வருமான வரி அலுவலகத்தில் ரிட்டர்ன் பார்த்தவன் நான். ஒரு சட்டப் பிரிவு மாறினால் மனிதர்களின் தாராள மனசு எந்தப் பக்கம் திரும்பும் என்பது எனக்கு அத்துப்படி. இசைமேதை இகோர் ஸ்ட்ராவின்ஸ்கி தன் இசைக் கையெழுத்துப் பிரதிகளை வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்துக்குக் கொடுப்பதாக இருந்தார். சட்டம் வந்ததும் பின்வாங்கிவிட்டார். அவர் இறந்த பிறகு, 1983இல், அவை சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலிருக்கும் பால் சாகர் அறக்கட்டளைக்கு 52.5 லட்சம் டாலருக்கு விலைபோயின. சட்டத்தில் கையெழுத்துப் போட்ட நிக்சனே தன் பழைய காகிதங்களை அரசுக் காப்பகத்துக்குக் கொடுத்ததாகச் சொல்லி 5,76,000 டாலர் கழிவு கேட்டிருந்தார். பழைய சலுகைக்குக் கெடு 1969 ஜூலை 25. பத்திரத்தில் மார்ச் மாதத் தேதி இருந்தது. பின்னால் எழுதி முன்தேதி போட்டிருக்கிறார்கள் என்பது வெட்டவெளிச்சமானதும் கழிவு செல்லாமல் போய், வரியைக் கட்ட வேண்டியதாயிற்று. முன்தேதியிட்ட பத்திரம் சென்னைக்கும் வாஷிங்டனுக்கும் பொதுவான சமாச்சாரம்தான் போல.

இந்தச் சட்டத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. எழுதியவர் இறந்து காகிதங்கள் வாரிசுக்கு வந்துவிட்டால், வாரிசு நன்கொடை கொடுக்கும்போது முழுச் சந்தை மதிப்பையும் கழித்துக்கொள்ளலாம். இருப்பவர் தாளுக்கு மை விலை, போனவர் தாளுக்குச் சந்தை விலை. உயிரோடிருந்த எழுத்தாளர்கள் பலர் கொடுப்பதை விட்டுவிட்டு விற்கத் தொடங்கினார்கள். தரகர்கள், மதிப்பீட்டாளர்கள், ஒன்றோடொன்று மல்லுக்கட்டும் பல்கலைக்கழகங்கள் என்று ஒரு தொழிலே செழித்தது. இலக்கியக் காப்பகம் என்றாலே சரஸ்வதி சந்நிதியைப் போலப் பேசுகிறவர்களுக்கு இதைச் சொன்னால் முகம் சுளிக்கிறது. சந்நிதிக்கும் வரவு செலவுக் கணக்கு உண்டு.

அந்தத் தொழிலில் பெரிய கை, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஹாரி ரான்சம் மையம். ஆஸ்டின் நகரில் 1957இல் ஹாரி ஹன்ட் ரான்சம் என்ற பேராசிரியர் தொடங்கியது. மேற்கு டெக்சாஸில் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்திருந்த தரிசு நிலங்களில் 1923இல் எண்ணெய் பீறிட்டது. அந்தச் செல்வத்தில் வளர்ந்த பல்கலைக்கழகம் என்பதால் பழைய ஐரோப்பிய நூலகங்கள் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போதே இவர்கள் பணத்தை எடுத்து வைத்துவிடுவார்கள். 1978இல் குட்டன்பர்க் பைபிள் வந்தது. 2003இல் வாட்டர்கேட் நிருபர்கள் உட்வர்டு, பெர்ன்ஸ்டீன் ஆகியோரின் குறிப்புகள் 50 லட்சம் டாலருக்கு வந்தன. நிக்சனை வீட்டுக்கு அனுப்பிய அதே குறிப்புகள். 2005இல் நார்மன் மெய்லரின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளுக்கு 25 லட்சம். இந்த வரிசையில் 2010 மார்ச்சில் அறிவிக்கப்பட்டதுதான் டேவிட் ஃபாஸ்டர் வாலஸின் காகிதங்கள்.

வாலஸை அறியாதவர்களுக்கு இரண்டு வரி. 1962இல் பிறந்தவர். அப்பா தத்துவப் பேராசிரியர், அம்மா ஆங்கில ஆசிரியை. 1996இல் வந்த 'இன்ஃபினிட் ஜெஸ்ட்' 1,079 பக்கம், அதில் 388 பின்குறிப்புகள், பின்குறிப்புக்குள்ளேயே அடிக்குறிப்பு. படிக்கிறவர் இரண்டு புக்மார்க் வைத்துக்கொள்ளாமல் நகர முடியாது. நீண்ட கால மன அழுத்த நோய்க்குப் பின் 2008 செப்டம்பர் 12 அன்று கலிபோர்னியாவில் தன் வீட்டில் தற்கொலை செய்துகொண்டார். வயது 46.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். மனைவி கேரன் கிரீனும், இலக்கிய முகவர் பானி நடெலும் வாலஸ் எழுதிவந்த கராஜுக்குள் போனார்கள். இருட்டு, குளிர், சிலந்திகள், எந்த ஒழுங்குமில்லாத காகிதம் என்று நடெல் பிறகு எழுதியிருக்கிறார். மேசைமேல் மட்டும் ஏறக்குறைய 250 பக்கங்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. எடிட்டர் மைக்கேல் பீட்ச் வந்து, ஒரு துணிப்பையிலும் இரண்டு மளிகைக்கடைப் பைகளிலுமாக மீதியை அள்ளிக்கொண்டு நியூயார்க்குக்குத் திரும்பினார். ஃபைல்கள், ஸ்பைரல் நோட்டுகள், ஃப்ளாப்பிகள் எல்லாம் சேர்த்து ஆயிரம் பக்கத்துக்கு மேல். எது முதல் அத்தியாயம், எது கடைசி என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. அதிலிருந்து பீட்ச் அடுக்கிக் கட்டியதே 'தி பேல் கிங்' நாவல். 2011 ஏப்ரல் 15 அன்று வெளியிட்டார்கள். அது அமெரிக்காவில் வரி ரிட்டர்ன் தாக்கல் செய்ய வழக்கமான கடைசி நாள். நாவலின் களம் இல்லினாய்ஸ் மாநிலம் பியோரியாவில் 1985இல் இயங்கும் ஒரு வரிப் பரிசோதனை நிலையம்.

என் மகன் ஆஸ்டினில் வேலை பார்க்கிறான். அங்கே போயிருந்தபோது, "அப்பா, உங்க டிபார்ட்மென்ட் பத்தி ஒருத்தர் நாவல் எழுதியிருக்கார், அவரோட நோட்டெல்லாம் இங்கதான் இருக்கு" என்று காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். கட்டணம் இல்லை. அடையாள அட்டையைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். பையை லாக்கரில் வைத்துப் பூட்ட வேண்டும். பேனா கூடாது, பென்சில் மட்டும். இரண்டாம் மாடி வாசிப்பு அறையில் கேட்ட பெட்டி வரும். ஒரு நேரத்தில் ஒரு ஃபோல்டரைத்தான் திறக்கலாம், தாளின் வரிசை கலையக் கூடாது. எங்கள் ரெக்கார்ட் ரூமில் ஒரு ஃபைல் கேட்டால் கட்டை அவிழ்த்து நாலு ஃபைலைத் தரையில் பரப்பி, ஃபோலியோ நம்பர் மாறிப்போய், கடைசியில் கேட்டது கிடைக்காது. இங்கே நிலவும் ஒழுங்கைப் பார்க்க எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெட்டிகளில் என்னென்ன இருக்கின்றன? ஆறேழு வயதில் வைக்கிங் கடலோடிகளைப் பற்றி எழுதிய கவிதை, அடியில் முழுப்பெயரோடு. இந்தப் பெயரில் ஒரு வேடிக்கை. 1987இல் முதல் நாவல் வந்தபோது, வேறு டேவிட் வாலஸ்களோடு குழப்பிக்கொள்ளாமலிருக்க அம்மாவின் குடும்பப்பெயரான ஃபாஸ்டரையும் சேர்த்துப் போடச் சொன்னது அவருடைய முகவர் தரப்பு. குழந்தைக் கையெழுத்தில் அது முன்பே இருக்கிறது. 'தி பேல் கிங்' நாவலிலும் ஒரே பெயரில் இரண்டு டேவிட் வாலஸ், வரித் துறைக் கம்ப்யூட்டர் இருவரையும் ஒருவராக்கிவிடுகிறது. ஒரே பெயர், ஒரே இனிஷியல், மாறிப்போன ரீஃபண்ட் என்று வருகிறவர்களைச் சமாதானப்படுத்தியே பாதி ஆயுளைக் கழித்த எனக்கு அந்த அத்தியாயத்தில் கற்பனையே தெரியவில்லை.

அப்புறம் அகராதி. அபூர்வச் சொற்களைச் சுற்றி வட்டம் போட்ட, உழைத்துக் களைத்த பிரதி. கல்லூரித் தாள்கள், பாடம் நடத்திய குறிப்புகள், 'இன்ஃபினிட் ஜெஸ்ட்' கையெழுத்து வரைவுகள். ஆரம்ப வரைவு ஒன்றைப் படித்த விமர்சகர் ஸ்டீவன் மூர், வெவ்வேறு எழுத்துருவும் வெவ்வேறு பக்க எண்ணுமாக ஒட்டுப்போட்ட கட்டு என்று அதை வர்ணித்திருக்கிறார். அச்சுக்குப் போகுமுன் பல நூறு பக்கங்களை வெட்டச் சொன்னவரும் அதே பீட்ச்தான்.

நான் அதிக நேரம் உட்கார்ந்தது 'தி பேல் கிங்' பெட்டிகளோடு. நாவலுக்காக வாலஸ் கணக்குப்பதிவியல் வகுப்பில் போய் உட்கார்ந்திருக்கிறார், வரி நிபுணர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார். சின்னச் சின்ன எழுத்து, ஓரத்தில் கேள்வி, அடித்தல், மறுபடி கேள்வி. ஒருநாள்கூட வரித் துறையில் வேலை பார்க்காத ஆள், எங்கள் வேலையின் உயிர்நாடியான சலிப்பைப் பிடித்துவிட்டார். ஓர் அத்தியாயம் முழுக்கப் பரிசோதகர்கள் பக்கம் திருப்புகிறார்கள், அவ்வளவே. படித்தபோது மார்ச் மாதக் காலக்கெடு (டைம்பார்) நெருக்கடியில் எங்கள் ஹாலில் கேட்கும் சத்தம் காதில் விழுந்தது. ஆளை வைத்துப் பார்ப்பதா, இயந்திரத்தை வைத்துப் பார்ப்பதா என்று நாவலில் ஓடும் சண்டையும் எனக்குப் புதிதல்ல. பெங்களூரில் வரி ரிட்டர்ன்களுக்கான மையச் செயலாக்க நிலையம் வந்தபோது எங்கள் கேன்டீனில் பேசிக்கொண்டதும் அதுதான்.

இனி, இந்தக் காப்பகத்தின் கசப்பான பகுதி. வாலஸின் சொந்த நூலகத்திலிருந்து சுமார் 300 புத்தகங்களும் ஆஸ்டினுக்கு வந்தன. டான் டெலில்லோ, கார்மக் மக்கார்த்தி, ஜான் அப்டைக் என்று பலரும். ஓரமெல்லாம் குறிப்பு, சில இடங்களில் ஆசிரியர் படத்தின்மேலேயே பேனாக் கிறுக்கல். (டெலில்லோவின் காகிதங்களும் 2004இலேயே இதே கட்டடத்துக்கு வந்துவிட்டன. இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்களை இரு பக்கமும் ஒரே கூரையின்கீழ் படிக்கலாம்.) அந்த 300இல் சுய உதவிப் புத்தகங்களும் கலந்திருந்தன. குழந்தைப் பருவம், குடும்பம், மனநோய் பற்றியவை. அவற்றின் ஓரங்களில் வாலஸ் எழுதியது இலக்கியக் குறிப்பல்ல, தன்னைப் பற்றியும் தன் வீட்டைப் பற்றியும். 2011 ஏப்ரலில் மரியா புஸ்டியோஸ் என்ற எழுத்தாளர் அவற்றைப் படித்து நீண்ட கட்டுரை எழுதினார். நல்ல கட்டுரை, ஊரெல்லாம் படித்தது. அதன் பிறகு அந்தப் புத்தகங்களில் பல பொது வாசிப்பிலிருந்து எடுக்கப்பட்டன.

ஆராய்ச்சியாளர்களுக்குக் கோபம். இதை ஆவணத்துக்கு இழைத்த துரோகம் என்று பேசியவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. அந்தக் குறிப்புகள் வந்த காலத்தில் வாலஸின் பெற்றோர் உயிரோடிருந்தார்கள். மகனைப் பறிகொடுத்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. மகன் தனக்குத் தானே எழுதிக்கொண்டதை முன்பின் தெரியாதவர்கள் படிப்பதைத் தடுக்கக் குடும்பத்துக்கு உரிமை உண்டு. என் குறை வேறு. எங்கள் அலுவலகத்தில் கான்ஃபிடென்ஷியல் கவரை உரிய பீரோவில் பூட்டிவிட்டுத்தான் மற்ற ஃபைலை ரெக்கார்ட் ரூமுக்கு அனுப்புவோம். ஆஸ்டினில் வரிசை தலைகீழாயிற்று. முதலில் கதவைத் திறந்தார்கள், அப்புறம் பூட்டினார்கள். இடையில் படித்தவர்கள் எடுத்த குறிப்பு உலகத்தில் உலவுகிறது. சரிபார்க்க மூலம் கையில் கிடைக்காது. மூடிய புத்தகமும் திறந்த வதந்தியும் சேர்ந்திருப்பது, இரண்டையும்விட மோசம்.

தாமஸ் பிஞ்சன் குடும்பம் இதைச் சாமர்த்தியமாகக் கையாண்டது என்பேன். பத்திரிகைகளுக்கு முகமே காட்டாத பிஞ்சனின் காகிதங்கள் 2022இல் கலிபோர்னியாவின் ஹன்டிங்டன் நூலகத்துக்குப் போயின. அடுக்கினால் ஏறத்தாழ 70 அடி நீளம். எழுத்தாளர் உயிரோடிருக்கும்போதே, மகன் உடனிருந்து நடந்த காரியம். வில்லியம் காடிஸின் பெட்டிகள் செயின்ட் லூயிஸில், கேத்தி ஆக்கருடையவை டியூக் பல்கலைக்கழகத்தில் என்று சோதனை எழுத்தாளர்களின் காகிதம் அந்த நாடெங்கும் இப்போது ஏர்கண்டிஷனில் இருக்கிறது. அவர்களில் பலர் வாழ்ந்த காலத்தில் புத்தகம் விற்று வாடகை கொடுக்க முடியாதவர்கள்.

ஆஸ்டின் பக்கம் பிள்ளையையோ பெண்ணையோ பார்க்கப் போகிறவர்கள், குட்டன்பர்க் பைபிளைப் பார்த்ததோடு வெளியே வந்துவிடாதீர்கள். முன்கூட்டியே பதிவு செய்து, இரண்டாம் மாடிக்குப் போய், 'தி பேல் கிங்' பெட்டிகளைக் கேளுங்கள். வரித் துறையில் வேலை பார்த்தவர்களாக இருந்தால் ஒரு முழு நாளை ஒதுக்கிக்கொண்டு போங்கள்.