நெருங்கிய உறவும் பொதுச் சமூகமும்: மலையகத் தமிழரின் தன்னடையாளம் குறித்து

தன்னடையாளம் என்பது ஒருவர் தம்மை இன்னார் என்று உணர்வதும், அவ்வுணர்வைச் சூழ இருப்போர் ஏற்பதும் மறுப்பதும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் நிலையாகும். அமெரிக்கச் சிந்தனையாளர் ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட், அவர் மறைவுக்குப் பின் 1934இல் வெளிவந்த தம் விரிவுரைத் தொகுப்பில், குழந்தை முதலில் பெற்றோர், உடன்பிறந்தோர் முதலான குறிப்பிட்ட மனிதர்களின் நோக்கையும், பின்னர்ச் சமூகம் முழுவதற்கும் உரிய நோக்கையும் உள்வாங்குவதால்தான் ‘தான்’ என்னும் உணர்வு உருவாகிறது என்று விளக்கினார். இவ்விரண்டாவது நோக்கைப் பொதுமைப்பட்ட பிறர் என்னும் கருத்தாக்கத்தால் அவர் குறித்தார். முதல் வட்டத்திலிருந்து இரண்டாவதற்குச் செல்லும் வழி தடையற்றது என்னும் எண்ணம் இவ்விளக்கத்தின் அடியில் இருக்கிறது. பொதுச் சமூகமே ஒருவரை ஏற்க மறுக்கும்போது என்ன நேர்கிறது என்பதற்கு இலங்கையின் மலையகத் தமிழர் வரலாறு விடையளிக்கிறது.

1820களில் கோப்பித் தோட்டங்களுக்கும், 1869க்குப் பின் இலைநோயால் கோப்பி அழிந்தபோது தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்தியாவிலிருந்து இவர்களின் முன்னோர் தொழிலாளர்களாக அழைத்துச் செல்லப்பட்டனர். ஆள் சேர்த்த கங்காணி பெரும்பாலும் தம் ஊரிலும் உறவிலும் சாதியிலுமே திரட்டியதால், தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் தனியாட்களாக இல்லாமல் உறவுக் கூட்டங்களாகவே குடியேறினர். முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டப்பட்ட லயம் எனப்படும் வரிசை வீடுகளின் அறைகளில், ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த வீட்டுக்குக் கேட்கும் நெருக்கத்தில், ஆள் கணக்கெடுக்கும் அதிகாலைப் பெரட்டுக்குத் தப்படித்து எழுப்பப்படும் ஒழுங்கில், ஒருவர் யார் என்பது அவர் இன்ன கங்காணியின் ஆள், இன்ன லயத்துக்காரர், இன்னாருடைய சம்பந்தி என்னும் உறவுகளாலேயே அறியப்பட்டது. மாசி மாதத்தில் நிகழும் காமன் கூத்தில், நேற்றுவரை கொழுந்துக் கூடையைச் சுமந்தவரின் மகன் மதனாகவோ ரதியாகவோ வேடமேற்கும்போது, தோட்டம் முழுவதும் அவரை அவ்வேடத்துக்குரிய மரியாதையோடு காண்கிறது. கூலிப் பதிவேட்டின் எண் தராத ஓர் இடத்தைக் கூத்துக்களம் அவருக்குத் தருகிறது. ஆனால் இந்த நெருங்கிய வட்டத்தைக் குறையற்றதாகப் போற்றுவதற்கில்லை. சாதி வேறுபாடு கடல் கடந்தும் ஒழியவில்லை. பெண் பறித்த கொழுந்துக்குரிய கூலியைப் பல தோட்டங்களில் கணவரோ தந்தையோ பெற்றுக்கொண்டனர். அடையாளத்தைத் தந்த அதே உறவு, அவ்வடையாளத்துக்குள் பெண்ணுக்கு உரிய பங்கைக் குறைத்தும் வைத்தது.

பொதுச் சமூகத்தின் பார்வை இந்த நெருங்கிய வட்டத்தின் பார்வைக்கு நேர்மாறாக இருந்தது. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரு பிரிவுகளை வகுத்தது. விடுதலைக்குப் பின் நிறைவேறிய 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது, தந்தையும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. இச்சட்டமும் உறவைக் கொண்டே ஒருவரின் அடையாளத்தைத் தீர்மானித்தது என்பது கருதத்தக்கது. எனினும் அது ஏற்ற உறவு தந்தைவழி மட்டுமே, அதுவும் எழுத்துச் சான்று உள்ளதாக இருக்க வேண்டும். முந்தைய தலைமுறையின் பிறப்புப் பதிவைக் காட்ட இயலாத தோட்டக் குடும்பங்களுக்கு, ஊரறிந்த உறவு சட்டத்தின் முன் உறவாக நிற்கவில்லை. பெரும்பான்மையோர் நாடற்றோர் ஆயினர். அரசு மட்டுமே மறுத்தது என்று சொல்வதும் நேர்மையாகாது. ‘தோட்டக்காட்டான்’ என்னும் இழிசொல் தமிழ் பேசுவோர் வாயிலிருந்தே வந்தது.

நோர்வே மானிடவியலாளர் ஃபிரெட்ரிக் பார்த், இனக்குழு அதன் பண்பாட்டுப் பொருள்களால் நிலைப்பதைவிட, பிற குழுக்களோடு கொள்ளும் எல்லைக்கோட்டால்தான் நிலைக்கிறது என்று 1969இல் வாதிட்டார். மலையகத்தார் தாங்கள் வரையாத இரு எல்லைகளுக்கு இடையே நின்றனர் என்பதால், இக்கருத்து இங்குப் பாதியளவே பொருந்துகிறது. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30 அன்று இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவராகப் பிரித்து, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்ப்பதற்கு ஒதுக்கியது. அவர்களை 1974இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. தலைமன்னாரிலிருந்து கப்பலேறி மண்டபம் முகாம் வழியாக நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளுக்கும், கேரளத்துப் புனலூர், கர்நாடகத்துச் சுள்ளியா ரப்பர்த் தோட்டங்களுக்கும் அனுப்பப்பட்டவர்கள், அரசு ஆவணத்தில் ‘தாயகம் திரும்பியோர்’ ஆயினர். அக்கம்பக்கத்தார் நாவில் ‘சிலோன்காரர்’ ஆயினர். ஒரு கரையில் இந்தியர், மறு கரையில் சிலோன்காரர் என்று ஒரே மனிதரே அழைக்கப்பட்டதால், பொதுமைப்பட்ட பிறர் என்பது ஒருமையானது என்னும் மீடின் எண்ணம் இவ்விடத்தில் தளர்கிறது.

இவ்வரலாற்றில் மிகக் கடுமையான இழப்பு குடியுரிமைத் தாள் மறுக்கப்பட்டதா, உறவுகள் பிரிக்கப்பட்டதா என்னும் கேள்விக்கு, பின்னதே என்று விடை சொல்ல வேண்டியுள்ளது. நாடற்றிருந்த காலத்திலும் லயமும் மாரியம்மன் கோயிலும் தொழிற்சங்கமும் ஒருவரை இன்னாரென்று அறிந்திருந்தன. அண்ணன் இந்தியக் கடவுச்சீட்டும் தம்பி இலங்கைக் குடியுரிமையும் பெற்றபோது, அந்த அறிதலைத் தாங்கிய வலைப்பின்னலே அறுந்தது. தாள் பின்னாளில் கிடைத்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோருக்கும் குடியுரிமை வழங்கியது. ஆனால் அது பிரிந்த குடும்பங்களை இணைக்கவில்லை.

‘மலையகத் தமிழர்’ என்னும் பெயரை இம்மக்களின் எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் தொழிற்சங்கத்தினரும் தாமே வழக்குக்குக் கொண்டுவந்ததை இப்பின்னணியில்தான் மதிப்பிட வேண்டும். தோட்டத்துக்குத் தோட்டம் பிரிந்து கிடந்த நெருங்கிய வட்டங்கள் ஒரு நிலப்பரப்பின் பெயரால் இணைந்து, தமக்கெனப் பொதுச் சமூகம் ஒன்றை ஆக்கிக்கொண்ட செயல் அது. ஆயினும், சொந்த வீட்டு எண்ணும் தெருப்பெயரும் இல்லாத லயங்களில், ஒருவருக்கு வரும் கடிதம் தோட்டத்தின் பெயருக்கே வந்து, தோட்ட அலுவலகத்தின் வழியே கைசேரும் வழக்கம் நீடித்து வந்துள்ளது. வாக்குரிமை பெற்ற குடிமகனின் முகவரியை நிர்வாகம் இன்னும் தன் கையில் வைத்திருக்கும் இந்நிலையை அஞ்சல்துறைச் சிக்கலாக மட்டும் காணாமல், குடியுரிமைச் சட்டங்கள் தொடாமல் விட்ட பகுதியாகவே ஆராய்ச்சியாளர் கருத வேண்டும்.