கூண்டுப் பறவையும் 100 ரூபாவும்



பறவைகளின் நடத்தையை அறிய ஆய்வுகூடங்களில் அவற்றைக் கூண்டில் வளர்க்கிறார்கள். சோதனை சில நிமிடந்தான். மீதி நாளெல்லாம் கூண்டு. அந்த நாட்களுக்கு யார் பொறுப்பு?

மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1952இல் இந்திய ராஜ்யசபா உறுப்பினரானார். அங்கே அவர் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலமே 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழி திறந்தது. சோதனைக்கு முன்னும் பின்னும் அந்த உயிரை ஒழுங்காகப் பராமரிக்க வேண்டும் என்கிறது அச்சட்டம். பறவையும் அதில் அடக்கம்.

நமது நாட்டின் 1907ஆம் ஆண்டுச் சட்டத்திலும் கூண்டுப் பறவைக்கு இடமுண்டு. ஆனால் கொடுமை செய்தவருக்கு அதில் எழுதிய தண்டப்பணம் 100 ரூபா. அன்று பெரிய காசு. இன்று ஒரு பிளேன்டீயும் வடையும்.

மொனராகலையில் நம் வீட்டு விறாந்தையில் தொங்கும் லவ்பேர்ட்ஸ் கூண்டுக்கும் இதே கேள்விதான். தண்ணீர், நிழல், சிறகு விரிக்க இடம். இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.