சிங்கப்பூர்–நியூயார்க் வான்வழி

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திற்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்திற்கும் இடையே, பூகோளத்தின் வளைவை அனுசரித்து அளந்த குறுகிய தூரம் 15,349 கிலோமீட்டராகும். இவ்விரு நகரங்களின் தீர்க்கரேகைகள் ஏறக்குறைய 178 பாகை விலகியிருப்பதால், அக்குறுகிய கோடு வடதுருவத்திற்கு அண்மையிலேயே செல்கின்றது. ஆயினும், நியூயார்க்கை நோக்கிப் புறப்படும் விமானம் பெரும்பாலும் அக்கோட்டை விடுத்து, பசிபிக் சமுத்திரத்தின் மீது மேற்கிலிருந்து கிழக்காக விரையும் உயர்வானக் காற்றின் சகாயத்தை நாடி, பல நூறு கிலோமீட்டர் அதிகமாகப் பறப்பதனாலேயே காலமும் எரிபொருளும் மிஞ்சுகின்றன; வரைபடத்தில் அளந்த தூரத்தை மட்டும் கொண்டு பிரயாண காலத்தைக் கணிப்பது பிழையென்பதற்கு இதனினும் சிறந்த சான்று அரிது.

பிரயாணம் பதினெட்டரை முதல் பத்தொன்பது மணி நேரம் வரை நீடிக்கும். நள்ளிரவில் சாங்கியில் ஏறியவர், தம் கைக்கடிகாரம் மாலை ஆறரையைக் காட்டுகையில் நியூயார்க்கில் இறங்கினால், அங்கே அதே தேதியின் விடியற்காலையே நிலவும். கோடையில் 12 மணியும் குளிர்காலத்தில் 13 மணியும் அந்நகரம் பின்தங்கியிருப்பதே காரணம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2020 நவம்பரில் தொடங்கிய இச்சேவைக்குரிய ஏர்பஸ் ஏ350-900 யூ.எல்.ஆர். விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். பயணிகளுக்குரிய ஆசனங்கள் 161 மட்டுமே.