கொழும்பு மாநகரும் மழை வெள்ளமும்

பெருநகரங்களின் வரலாற்றை எழுதுவோர் அவற்றின் கோட்டைகளையும் துறைமுகங்களையும் மாளிகைகளையும் விரித்துரைப்பர். அந்நகரங்களிற் பெய்த மழைநீர் எவ்வழியே ஓடிற்று என்பதைக் குறிப்போர் சிலரே. ஆயினும், ஒரு நகரின் அமைப்பும் ஆட்சியும் அங்கு வாழும் ஏழையரின் நிலையும் அதன் நீர்வழிகளைக் கொண்டே நன்கு அறியப்படும். இதற்குக் கொழும்பு மாநகர் சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும்.

கொழும்பின் நில அமைப்பை முதற்கண் அறிதல் வேண்டும். மேற்கே கடல், வடக்கே களனி கங்கை, கிழக்கிலும் தென்கிழக்கிலும் கொலன்னாவை, கோட்டே முதலிய இடங்களைச் சார்ந்து பரந்து கிடக்கும் சதுப்பு நிலம். இந்நிலம் கடல் மட்டத்திலிருந்து மிகச் சிறிதே உயர்ந்தது. கங்கை பெருகுங்காலத்து அதன் நீர்மட்டம் இந்நிலத்தினும் உயர்ந்து நிற்கும். ஆதலின், இந்நகரை இருவகை வெள்ளங்கள் தாக்கவல்லன. மலைநாட்டிற் பெய்த மழை கங்கை வழியே வந்து கரைபுரளுதல் ஒன்று. நகரின்மீதே பெய்த மழை வெளியேற வழியின்றித் தேங்கி நிற்றல் மற்றொன்று. முன்னதை ஆற்று வெள்ளம் என்றும் பின்னதை மழை வெள்ளம் என்றும் கூறலாம். இவ்விரண்டின் வேறுபாட்டை உணர்ந்தாலன்றி இந்நகரின் வெள்ள வரலாறு விளங்காது.

பண்டைக்காலத்தார் இச்சதுப்பு நிலத்தைப் பயனற்றதெனக் கருதினாரல்லர். 14ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் படைவலிக்கு எதிராக அழகக்கோனார் கோட்டேயில் அரண் அமைத்தபோது, தியவன்னா ஓயாவும் அதனைச் சூழ்ந்த சதுப்பும் இயற்கை அகழியாகப் பயன்பட்டன. போர்த்துக்கேயரும் கொழும்பிலே தம் கோட்டையைக் காக்க ஏரி நீரையே துணைக்கொண்டனர். 1587, 1588ஆம் ஆண்டுகளில் அக்கோட்டையை முற்றுகையிட்ட சீதாவாக்கை மன்னன் முதலாம் இராஜசிங்கன், வாய்க்கால் வெட்டி அவ்வேரி நீரை வடிக்க முற்பட்டான். ஆகவே, கொழும்பில் நீரை வடித்தகற்ற மேற்கொள்ளப்பட்ட பழைய பெருமுயற்சிகளுள் ஒன்று நகரத்தாரைக் காப்பதற்காக அன்றி, அவர்தம் அரணை அழிப்பதற்காகவே நிகழ்ந்தது.

1656இற் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கால்வாய் வெட்டுவதிற் கைதேர்ந்தவர். களனி கங்கையிலிருந்து நீர்கொழும்பு வழியே வடக்கு நோக்கிச் சென்ற நீர்வழி அவர்களாற் பெரிதும் வளர்க்கப்பட்டது. ஆயின், அக்கால்வாய்களின் நோக்கம் கறுவா முதலிய பண்டங்களைப் படகேற்றிச் செல்லுதலேயாம். படகுக் கால்வாயில் நீர் வற்றாது நிற்றல் வேண்டும். வடிகாலிலோ நீர் நில்லாது ஓடுதல் வேண்டும். ஒன்றன் இலக்கணம் மற்றொன்றுக்குப் பொருந்தாது. வாணிகத்துக்கென அமைந்த நீர்வழிகளையே பிற்காலத்தார் வடிகாலாகவும் கொள்ள நேர்ந்தமை இந்நகரின் இடர்ப்பாடுகளுள் ஒன்றாயிற்று.

ஆங்கிலேயர் ஆட்சியில் நகர் விரைந்து வளர்ந்தது. 1865இற் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. 1875இல் துறைமுக அலைத்தடுப்பு வேலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1871இல் ஏறத்தாழ 100,000 ஆக இருந்த குடித்தொகை 1946இல் 360,000 அளவினதாயிற்று. வயலும் தோட்டமும் தெருக்களாயின. நிலம் உறிஞ்சிய நீர் கூரைகளிலிருந்தும் கல்வீதிகளிலிருந்தும் விரைந்து இறங்கலாயிற்று. 1870களில், மேல் மாகாண அரசாங்க அதிபராயிருந்த லேயாட் என்பார், உள்நாட்டுத் தாழ்நிலத்து வெள்ளத்தைக் கடலிற் சேர்க்க வெள்ளவத்தையில் ஒரு கால்வாய் வெட்டுவித்தார். அது கருதிய பயனைத் தரவில்லை எனக் கண்டோர், ‘லேயாட்டின் பேதைமை’ என்றும் ‘மோட எல’ என்றும் பெயரிட்டு நகைத்தனர். அவ்வாறு இகழப்பட்ட கால்வாயே இன்று நகரின் மழைநீர் கடலையடையும் முக்கிய வாயில்களுள் ஒன்றாக விளங்குகின்றது.

ஆற்று வெள்ளத்தைத் தடுக்கும் முயற்சி 20ஆம் நூற்றாண்டில் உறுதிபெற்றது. 1924இல் வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. களனியின் இருமருங்கும் அணைகள் எழுந்தன. 1947ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் கங்கை பெருகியபோது, நாகலகம் வீதியிலுள்ள நீர்மானி 12.85 அடியைக் காட்டிற்று. அவ்வெள்ளம் முதியோர் நினைவில் நெடுங்காலம் நிலைத்திருந்தது. அதன்பின் நகரத்தாரின் அச்சமெல்லாம் கங்கையைப் பற்றியதாகவே இருந்தது. அணையின் உயரத்தைக் கொண்டே நகரின் காவலை மதிப்பிடும் வழக்கமும் வேரூன்றிற்று.

ஆயினும், அணை ஒரு மதிலை ஒத்தது. மதில் பகைவனை உள்ளே விடாதவாறே உள்ளிருப்பாரையும் வெளியே விடாது. கங்கை உயர்ந்து நிற்கும்போது, அதனுடன் நகரக் கால்வாய்களை இணைக்கும் மதகை அடைத்தே தீரவேண்டும். அப்பொழுது நகரில் மழை பெய்யின், அந்நீர் செல்லத்தக்க வழிகள் முகத்துவாரத்துச் சுரங்க வழியும் வெள்ளவத்தை, தெஹிவளைக் கால்வாய் முகங்களுமேயாம். அம்முகங்களையோ கடலலை கொணரும் மணற்றிட்டு அடிக்கடி அடைத்துவிடும். எனவே, நகரை ஆற்றிலிருந்து காத்த அணை மழையிலிருந்து காக்க இயலாதாயிற்று.

இவ்வுண்மையை இரு பெருமழைகள் உணர்த்தின. 1992ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஒரே நாளிற் கொழும்பில் 490 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை பெய்தது. 2010ஆம் ஆண்டு நவம்பர் 10, 11ஆம் தேதிகளில் 24 மணி நேரத்துள் 440 மில்லிமீற்றர் அளவில் மழை பொழிந்தது. 440 மில்லிமீற்றர் மழை ஒரு சதுர கிலோமீற்றர் நிலத்தில் 440,000 கன மீற்றர் நீராகும். நகரமும் அயலும் சேர்ந்த வடிநிலமோ ஏறத்தாழ 100 சதுர கிலோமீற்றர். இத்துணை நீரையும் அன்றைக்கன்றே கடலிற் சேர்க்கவல்ல கால்வாயை எவராலும் வெட்டல் இயலாது. நீர் வடியும் வரையில் அது தங்கியிருக்க ஓரிடம் வேண்டும். அவ்விடந்தான் சதுப்பு நிலம்.

இவ்விடம் எங்ஙனம் சுருங்கிற்று என்பதே பிற்கால வரலாறாகும். 1968இல் கொழும்பு மாவட்டத்துத் தாழ்நிலங்களை ‘மீட்டு’ அபிவிருத்தி செய்தற்கென ஒரு சபை சட்டப்படி நிறுவப்பட்டது. ‘மீட்டல்’ என்னுஞ் சொல் அக்காலத்து மனப்பாங்கை நன்கு புலப்படுத்தும். நீர் நின்ற நிலம் பறிபோன நிலமாகக் கருதப்பட்டது. மண்ணிட்டு நிரப்பிய இடங்களில் வீடுகளும் பண்டகசாலைகளும் வீதிகளும் எழுந்தன. பின்னர் அந்நிறுவனமே கால்வாய்களையும் வெள்ளத் தடுப்பையும் பேணும் பொறுப்பை ஏற்க நேர்ந்தது. 1982இல் தியவன்னா ஓயாச் சதுப்பைத் தோண்டி அமைத்த ஏரியின் நடுவே புதிய நாடாளுமன்றம் திறக்கப்பட்டது. 2010இல் வெள்ளம் அந்நாடாளுமன்றத்தையே சூழ்ந்துகொண்டது. பண்டு அரசரைக் காத்த நீர், தன் இடம் குறைந்தபோது, சட்டமியற்றுவோர் வாயிலையும் அடைத்தது.

எனினும், வெள்ளத்தின் சுமை எல்லார்மேலும் ஒப்ப விழுவதில்லை. உயர்நிலத்தில் இடம் பெறாத ஏழை மக்கள் கால்வாய்க் கரைகளிலும் சதுப்பின் ஓரங்களிலும் குடிசை அமைத்தனர். நகரத்துக் குப்பையும் அவர்கள் அயலிலேயே குவிக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு நாளில், கொலன்னாவைப் பகுதியின் மீதொட்டமுல்லையில் அக்குப்பைமேடு சரிந்து 30க்கு மேற்பட்டோர் மாண்டனர். நீர் தங்கவேண்டிய தாழ்நிலத்தைக் கழிவு நிலமாக்கியதன் விலையை, அக்கழிவிற் சிறுபங்கையே உண்டாக்கிய மக்கள் கொடுக்க நேர்ந்தது. வடிகாலைச் சீராக்கும் பணிக்காகக் கரையிலிருந்து அகற்றப்பட்டோரும் அவர்களே. ஆகவே, மழைநீர் முகாமை பொறியியலாளர்க்கு மட்டும் உரிய விடயமன்று. அது நீதி பற்றியதும் ஆகும்.

2010ஆம் ஆண்டின் வெள்ளத்துக்குப் பின்னர் எண்ணம் மாறத் தொடங்கிற்று. 2012இல் உலக வங்கியின் கடனுதவியுடன் தொடங்கிய கொழும்பு மாநகர அபிவிருத்தித் திட்டத்தில், கால்வாய்களைத் திருத்துதல், சுரங்க வழி அமைத்தல் ஆகியவற்றோடு சதுப்பு நிலத்தைக் காத்தலும் இடம்பெற்றது. 2018இல், றம்சார் உடன்படிக்கையின்கீழ் முதன்முறையாக ஈரநில நகரங்களெனச் சான்று பெற்ற 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்றாயிற்று. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் சட்டமியற்றி நிரப்ப முற்பட்ட நிலமே நகருக்கு அனைத்துலகப் புகழைத் தேடித் தந்தது. எனினும், 2016ஆம் ஆண்டு மே மாதத்திலும், 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் தித்வாப் புயலின்போதும் களனி பெருகித் தாழ்நில மக்களை வருத்தியமை, பணி முற்றுப்பெறவில்லை என்பதைக் காட்டும்.

இவ்வரலாறு உணர்த்தும் உண்மை எளியது. அணை கட்டலாம், கால்வாயை ஆழமாக்கலாம், சுரங்கம் குடையலாம். இவையாவும் வேண்டற்பாலனவே. ஆயின், இவை நீரை நடத்துவனவேயன்றி, அதற்கு இருப்பிடம் அளிப்பனவல்ல. எஞ்சியுள்ள சதுப்பில் நிரப்பப்படும் ஒவ்வொரு துண்டு நிலத்தினின்றும் வெளியேற்றப்படும் நீர், அடுத்த பெருமழையன்று மற்றொருவர் வீட்டினுள் இடந்தேடும். அவ்வீடு பெரும்பாலும் ஓர் ஏழையின் வீடாகவே இருக்கும்.