ரங்கூன் துறைமுகத்தில் 1930

அம்பத்தூர் எஸ்டேட் பஸ் நிறுத்தத்தில் பழைய மாணவன் ஒருவனைப் பார்த்தேன். “வடக்கன் வந்துதான் சார் நம்ம சம்பளமே ஏறல” என்றான். வரலாறு நடத்திய வாய் சும்மா இருக்குமா? ரங்கூன் கதையைச் சொன்னேன்.

1930 மே மாதம். ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களில் பெரும்பாலோர் தெலுங்கர்கள். மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக் கப்பலேறி, அந்தக் கடனுக்கே உழைத்தவர்கள். கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். உடனே சரக்கு ஏற்றும் கம்பெனிகள், அதுவரை அதிகம் சேர்த்துக்கொள்ளாத பர்மியர்களை வேலைக்கு அழைத்தன. மாதம் முடிவதற்குள் கூலியைச் சற்று உயர்த்தித் தெலுங்கர்களோடு சமரசம். காலையில் வழக்கம்போல் வேலைக்கு வந்த பர்மியர்களுக்கு, ‘இனி நீங்கள் வேண்டாம்’ என்று பதில். துறைமுகத்தில் தொடங்கிய கைகலப்பு ஊர்க் கலவரமானது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் இந்தியர்கள். கம்பெனி முதலாளி எவர் மேலும் ஒரு கீறல் விழுந்ததாக நான் படித்ததில்லை.

அடுத்த சில ஆண்டுகளில் உலக மந்தம். நெல் விலை சரிந்து, கடன்பட்ட பர்மிய விவசாயிகளின் நிலம் நம் செட்டியார்கள் கைக்கு வந்தது. (நம் பக்கத்துக் கணக்கையும் எழுதத்தானே வேண்டும்.) 1964-இல் நே வின் அரசு கடைகளை நாட்டுடைமையாக்கியபோது பல லட்சம் பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள். சென்னைக்கு வந்தவர்களில் சிலர் போட்ட கடைகள்தான் பர்மா பஜார்.

“உன் கம்பெனியில் அந்தப் பையன்களுக்குக் கூலி பேசுறது யாருப்பா?” என்று கேட்டேன்.

“காண்ட்ராக்டர் சார். நம்ம ஊர்க்காரர்தான்.”